புளி போட்டுத் தேய்த்த துப்பாக்கி

ஆயுத பூஜைக்கு முதல் நாள் காலை பித்தளைக் குடம், காமாட்சி விளக்கு, அரிவாள்மனை எல்லாவற்றையும் தேய்த்துக் கவிழ்த்த கையோடு, காஞ்சனா துப்பாக்கியையும் துவைக்கிற கல்லின் மேல் படுக்க வைத்துப் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள். அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பூஜையில் வைக்கிற பொருள் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி. துப்பாக்கியின் இரட்டைக் குழாய் மேல் வருஷா வருஷம் பூசி வந்த கறுப்பு எனாமல் பெயிண்ட் அங்கங்கே பொரிந்து, பொருக்குப் பொருக்காய் உதிர்ந்துகொண்டிருந்தது. அரைகுறையாய் உரிந்த எதையும் அவளால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. கம்பி நாரால் பெயிண்டைச் சுரண்டினாள். உப்பும் புளியும் பிசைந்து குழாய் நெடுக அப்பினாள். வெயிலில் அது ஊறட்டும் என்று விட்டுவிட்டு, உள்ளே போய் அன்று சாயங்காலச் சுண்டலுக்குக் கடலையை ஊறப் போட்டாள். திரும்பி வந்து ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவியபோதுதான் அந்த வரிகள் வந்தன. முதலில் அழுக்கு என்று நினைத்து இன்னும் கொஞ்சம் புளி போட்டாள். அவை இன்னும் தெளிவாக வந்தன.

உள்ளே அவள் புருஷன் பழனிவேல் நைட் ஷிப்டு முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தான். பகல் தூக்கம் ஒரு தினுசானது. ஆளில் பாதி தூங்கும், மீதிப் பாதி தெருவில் பழைய இரும்புக்காரன் கூவிக்கொண்டு போவதைக் கேட்டுக்கொண்டிருக்கும். அந்தத் தூக்கத்தில் அவனுக்கு எப்போதும் ஒரே கனவுதான். பனி மூடிய ஏரி. தண்ணீரில் சின்னச் சின்னதாய்க் கறுப்புத் திட்டுகள். கிளுவை வாத்துகளா, வரிசையாய் நிறுத்திய கார்களின் கூரைகளா என்று சொல்ல முடியாது. அவன் துப்பாக்கியைத் தோளில் வைத்து விசையை இழுப்பான். சத்தமே வராது. புகை மட்டும் வரும். வெள்ளை வெளேரென்று, அவசரமே இல்லாமல், குழாயிலிருந்து கிளம்பி ஏரியை மூடி, கரையை மூடி, அவன் காவல் நிற்கிற கார் கம்பெனியின் காம்பவுண்டையும் மூடும். புகைக்குள் நின்றுகொண்டு சத்தம் இப்போது வரும், இதோ வரும் என்று காத்துக்கொண்டே இருப்பான். அதற்குள் யாராவது எழுப்பிவிடுவார்கள்.

சத்தம் அவனுக்குத் தெரியாததல்ல. அவன் அப்பா பாண்டுரங்கன் பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸ் வாங்கி வைத்திருந்த துப்பாக்கி அது. கேட்பாரில்லாத அந்தக் காலத்தில், மார்கழி விடிகாலைகளில் அதைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குக் கிளுவை சுடப் போய்விடுவார். பித்தளைத் தோட்டாவில் கருமருந்தை அவரே இடித்து நிரப்பி, மேலே அட்டை வைத்து அடைத்து, ஈயக் குண்டைப் போட்டு மெழுகால் மூடுவார். பழனிவேலை ஒரு நாளும் கூட்டிக்கொண்டு போனதில்லை. அவனுக்கு இளைப்பு, பனியில் இருமினால் பறவை எழுந்துவிடும். அதனால் போர்வைக்குள் படுத்தபடிதான் அவன் வேட்டை பார்த்தான், அதாவது கேட்டான். முதலில் வலக் குழாய். அதோடு நின்றால் வீட்டில் குழம்பு. கொஞ்சம் இடைவெளி விட்டு இடக் குழாயும் வெடித்தால், முதல் குண்டு தப்பிவிட்டது என்று அர்த்தம். அப்பா புகைக்குள் குத்துமதிப்பாய்ச் சுடுகிறார். பிறகு வேட்டைக்குத் தடைச் சட்டம் வந்தது. துருவை மறைக்க அப்பா எனாமல் பெயிண்ட் பூசி அதை ஆணியில் மாட்டிவிட்டார். அவர் போன பிறகு லைசென்ஸ் பிள்ளை பேருக்கு மாறியது. அது சுடுவதைப் பழனிவேல் கண்ணால் கண்டதே இல்லை. ஐம்பது வயதை எட்டப்போகிற ஆளுக்கு இது ஒரு குறையா என்றால், அவனுக்குக் குறைதான்.

நிலம் கம்பெனிக்காரர்களுக்குப் போன பிறகு அந்தத் துப்பாக்கிதான் சோறு போட்டது. ஒரகடம் பக்கத்தில் செக்யூரிட்டி ஏஜென்சிகள் சொந்தத் துப்பாக்கி வைத்திருப்பவனைத் தேடிப் பிடித்துக் 'கன்மேன்' ஆக்குவார்கள். உள்ளதைச் சொன்னால், வேலை கிடைத்தது துப்பாக்கிக்கு; அதைத் தூக்கிக்கொண்டு நிற்க இவனையும் சேர்த்துக்கொண்டார்கள். மற்ற கார்டுகள் கையில் கம்பு. இவன் தோளில் இரட்டைக் குழாய். ஷேர் ஆட்டோவில் ஏறினால் இவனுக்கு முன் சீட்டு விடுவார்கள். சொந்த ஊர் மண்ணூரில் கோயில் கூட்டம் கூடினால் 'கன்மேன் வந்துட்டாரா' என்று கேட்பார்கள். இருமலோடு வளர்ந்த ஒருவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று மற்றவர்களுக்குச் சொன்னால் புரியாது.

துப்பாக்கியும் லேசுப்பட்டதல்ல. இந்தக் காலத்துத் துப்பாக்கியில் குதிரை, அதாவது தோட்டாவின் அடியில் போய் அடிக்கிற சுத்தி, உள்ளே ஒளிந்திருக்கும். சுடத் தயாராக இருக்கிறதா இல்லையா என்று மேலே பார்த்துச் சொல்ல முடியாது. இதில் இரண்டு குதிரைகளும் வெளியிலேயே, குழாய்க்கு ஒன்றாக, கன்றுக்குட்டியின் காதுகள் போல நிற்கும். பூட்டு கீட்டு என்று எதுவும் கிடையாது. கட்டைவிரலால் பின்னால் இழுத்தால் முதல் 'டிக்'கில் பாதியில் நிற்கும். அப்போது விசையை இழுத்தாலும் வெடிக்காது. இன்னும் இழுத்தால் இரண்டாவது 'டிக்'. அதற்கப்புறம் விளையாட்டில்லை. கீழே இரண்டு விசைகள்: முன்னது வலக் குழாய்க்கு, பின்னது இடக் குழாய்க்கு. விசைக்கு அடியில் வளைந்து கிடக்கும் நெம்புகோலைத் தள்ளினால் குழாய் தலை கவிழ்ந்து வாயைத் திறக்கும். இதிலெல்லாம் பழனிவேலுக்கு ரொம்பப் பிடித்தது வேறு ஒன்று. குதிரைகள் சும்மா இருக்கும்போது கண்ணுக்கு நேரே நந்தி மாதிரி மறைத்துக்கொண்டு நிற்கும். இரண்டையும் இழுத்தால்தான் அவை பின்னால் சாய்ந்து, நடுவில் பார்வை திறக்கும். கம்பெனி கேட்டில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரங்களில், வெறுந்துப்பாக்கியைத் தோளில் வைத்து இரண்டையும் இழுத்து, அந்த இடுக்கு வழியாக ஏரியைப் பார்ப்பான். வெறும் கண்ணுக்குத் தெரிகிற ஏரிதான். ஆனாலும் அந்த வழியாகப் பார்க்கும்போது அது அவனுக்கென்று கொஞ்சம் கிட்டே வந்தாற்போல் இருக்கும். பிறகு விரலால் அணைத்து, குதிரைகளை மெதுவாக இறக்கி விடுவான்.

இப்படிப் பதினோரு வருஷமாய்ச் சுடாமலே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவனுக்கு, சுடச் சொல்லி உத்தரவு வந்தது பறவைகளால்தான். கம்பெனியின் ஸ்டாக் யார்டு ஏரிக்கரையை ஒட்டி இருக்கிறது. கப்பலுக்குப் போக வேண்டிய புதுக் கார்கள் ஆயிரக்கணக்கில், பெரும்பாலும் வெள்ளை நிறத்தில், வெட்டவெளியில் நிற்கும். சுவரோரத்துக் கருவேல மரங்களில் கொக்கும் நீர்க்காகமும் ராத்தங்கிவிட்டு, எழுந்து போகும்போது கார்களின் மேல் தங்கள் கணக்கை முடித்துவிட்டுப் போகும். எச்சம் காய்ந்தால் பெயிண்டைத் தின்றுவிடும். அதைத் துடைக்கவே காஞ்சனாவோடு சேர்த்து ஒரு பெண்கள் கூட்டம் காலை ஷிப்டில் வாளியும் துணியுமாய் அலைந்தது. யார்டு மேனேஜர் ராஜசேகர் நல்ல மனிதர், ஆனால் தூக்கம் போன மனிதர். மினுக்குக் காகிதம் கட்டிப் பார்த்தார். பருந்து கத்துவது போல ஸ்பீக்கர் வைத்துப் பார்த்தார். கொக்குகள் அந்த ஸ்பீக்கரின் மேலேயே உட்கார்ந்தன. பட்டாசு வெடித்ததில் பொறி பறந்து ஒரு காரின் உறையில் ஓட்டை விழுந்தது. கடைசியில் கேட்டில் நிற்கிற துப்பாக்கி அவர் கண்ணில் பட்டது.

"ஒண்ணையும் சாவடிக்க வேணாம் பழனி. ஏரிப் பக்கமா ஆகாசத்தப் பாத்து ரெண்டு ரவுண்டு. சவுண்டுதான் வேணும். விஜயதசமி அன்னிக்கே ஆரம்பிச்சிடு, நல்ல நாளு" என்றார்.

பழனிவேல் சல்யூட் அடித்தான். அன்றிலிருந்து அவன் தரையில் நடக்கவில்லை.

இந்த நிலையில்தான் புளி. எழுந்து வந்தவன் கல்லின் மேல் கிடந்ததைக் குனிந்து பார்த்தான். சாம்பல் பூத்த குழாய் நெடுக, நெளிநெளியாய், சுழி சுழியாய் வரிகள். ஏரித் தண்ணீர் மேல் சின்னக் காற்று ஓடும்போது விழுகிற மடிப்புகள் அப்படியே இரும்பில் உறைந்துபோனாற்போல் இருந்தது.

"இன்னாமே இது?"

"இன்னான்னா? தேய்ச்சி வச்சிக்கீறேன். நாளைக்கி பூஜைல வைக்கத் தேவல?"

"கொழா பூரா தேமல் புட்ச்சா மாதிரி கீது. இன்னாத்தப் போட்ட?"

"புளி. வேற இன்னாத்தப் போடுவாங்க?" அவள் முந்தானையால் குழாயை ஒற்றி எடுத்தாள். "எனக்கு நல்லாத்தான் கீது. இந்த டிசைன்ல பொடவ வந்தா நான் எடுப்பேன். இங்க பாரு, குதிரைக்குக் கீழ ஒரு நாயி கூட செதுக்கிக்கீறான். வாய்ல ஒரு பறவ. இத்தினி நாளு அயுக்குல தெரியவே இல்ல."

அவன் நாயைப் பார்க்கவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதையாய், சுடப்போகிற நேரத்தில் துப்பாக்கியைப் பாழாக்கிவிட்டாளே என்று மனசு கொதித்தது. உடனே ஒரு ஸ்பிரே பெயிண்ட் வாங்கி அடித்துவிடலாம் என்றால், ஈரப் பெயிண்டில் சந்தனம் ஒட்டாது என்று அவள் ஒரே பிடியாய் மறுத்துவிட்டாள். அன்று முழுவதும் அவளோடு பேசவில்லை. அவளும் பெரிதாய் எடுத்துக்கொள்ளவில்லை. கோபம் வந்தால் அவன் சாப்பாட்டில் உப்பு அதிகம் என்பான். அதைக்கூட அன்று சொல்லவில்லை என்பதுதான் அவளுக்குக் கொஞ்சம் உறுத்தியது.

மறுநாள் பூஜையில் ஸ்கூட்டர் சாவி, அரிவாள்மனை, மிக்ஸி, அவளுடைய துடைக்கிற துணி எல்லாவற்றுக்கும் நடுநாயகமாகத் துப்பாக்கி கிடந்தது. இரண்டு குதிரைகளுக்கும் சந்தனம், குங்குமம். மாலையில் ஏஜென்சியின் ஃபீல்டு ஆபீசர் ஏசுவடியான் பைக்கில் வந்து இறங்கினார். தென்காசிப் பக்கத்துக்காரர். பட்டாளத்தில் ஆயுதக் கிடங்கில் இருந்துவிட்டு வந்தவர். வருஷா வருஷம் பொரி சுண்டலுக்குத் தவறாமல் ஆஜராகிவிடுவார். சட்டைப்பையிலிருந்து இரண்டு புதுத் தோட்டாக்களை எடுத்து நீட்டினார். சிவப்புப் பிளாஸ்டிக் உடம்பு, மஞ்சள் பித்தளை அடி. பிள்ளைகள் தின்கிற மிட்டாய் போல் அழகாய் இருந்தன.

"நாளைக்கு உள்ள சாமான்டே. ஆபீஸ்ல குடுத்து விட்டாவ. இதையும் பூஜைல வையி" என்றவர் துப்பாக்கியைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

சுண்டல் தட்டோடு வந்த காஞ்சனாவுக்கு ஆச்சரியம். "இன்னாண்ணே, எங்க சாமிய நீங்க இம்மா நேரம் கும்பிடறீங்க?"

"கும்பிடல தங்கச்சி. பெயிண்ட யாரு எடுத்தது?"

"நாந்தான். அதுக்குத்தான் இவுரு மூஞ்சத் தூக்கி வச்சிக்கினுகீறாரு."

ஏசுவடியான் தட்டை வாங்கிக் கீழே வைத்தார். "பழனி, இங்கன வா. இது ஒரே இரும்புல கடஞ்ச குழா இல்லடே. இரும்பையும் எஃகையும் பட்டை பட்டையா முறுக்கி, ஒரு கம்பி மேல கயிறு மாதிரி சுத்தி, பழுக்கக் காய வச்சி அடிச்சி ஒட்டுன குழா. அந்த முறுக்குதான் இந்த வரி. நூறு வருசத்துக்கு முந்துன வேலை. எங்கப்பன் கண்ட காலத்துக்கும் முந்தி."

"அப்ப பெரிய சாமானா சார்?" பழனிவேலின் முகம் மலர்ந்தது.

"பெரிய சாமான்தான். ஆனா அது கருமருந்துக்குப் பண்ணுனது. கருமருந்து மெதுவாத் தள்ளும். இந்தச் செவப்புத் தோட்டா வேற மாதிரி, ஒரே எத்தா எத்தும். உள்ளுக்குள்ள எந்த ஒட்டுல துரு ஏறிக் கெடக்குன்னு யாருக்குத் தெரியும்? இந்த மாதிரிக் குழா ஒண்ணு வெடிச்சதக் கெடங்குல வச்சிருந்தாவ, நான் பாத்துருக்கேன். வாழைப்பூ மடல் விரிச்ச மாதிரி கிழிஞ்சி இருந்தது. எடது கைய எங்கன வச்சிப் புடிக்கோமோ, சரியா அங்கனதான்."

பக்கத்து வீட்டில் பூசணிக்காய் உடைக்கிற சத்தம் கேட்டது.

"எங்க அப்பா நாப்பது வருசம் சுட்டாரு சார்."

"அவர் ரொப்புன மருந்துல சுட்டாரு. இதுல இல்ல." ஏசுவடியான் எழுந்து பேண்ட்டைத் தட்டிக்கொண்டார். "நான் ஆபீஸ்ல சொன்னா, சுடாத துப்பாக்கிக்கு எதுக்குக் கன்மேன்னு கேப்பாவ. நாளைல இருந்து நீயும் கம்பு புடிச்சிட்டு நிக்கணும். அதனால நான் ஒண்ணும் பாக்கல, கேட்டியா? சுடாம இருக்கதுக்கு என்ன வழியோ அத நீயே பாத்துக்கிடு. ஆனா சுட்டிராதடே." பொரிப் பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். தோட்டாக்கள் சந்தனப் பொட்டோடு பூஜையிலேயே இருந்தன.

பழனிவேல் வாசல்படியில் போய்க் குந்தினான். மேனேஜரிடம் இல்லை என்று சொன்னால் கன்மேன் போய்விடும். அது போனால் அவன் யார்? வேலையைக்கூட விட்டுத்தள்ளலாம், கம்பு பிடிக்கிறவனும் சாப்பிடத்தான் செய்கிறான். ஆனால் இத்தனை வருஷம் தோளில் சுமந்தது வெடிக்காத ஒன்றைத்தானா என்று நினைத்தபோது அவனுக்கு அழுகை முட்டியது. நாளைக்கு ஒரே ஒரு முறை. வலக் குழாய் மட்டும் போதும். இவ்வளவு காலம் கனவில் வராத அந்தச் சத்தம், பக்கத்தில், தன் கன்னத்தோடு ஒட்டி. ஏசுவடியான் பயந்த சுபாவம், பட்டாளத்திலும் கிடங்கை விட்டு வெளியே வராத ஆள் என்று தனக்குள்ளேயே ஒரு ஞாயம் கட்டிக்கொண்டான். உரலுக்குள் தலையை விட்டாயிற்று, உலக்கைக்குப் பயந்து ஆகுமா?

காஞ்சனா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சுடப் போறியா?"

"ஒரே ஒரு தபா, காஞ்சனா. அது சுடறத நான் பாத்ததே இல்ல."

"பாத்துட்டு?"

அவன் தன் இடது கையைப் புரட்டிப் பார்த்தான்.

"எடது கைதானேன்னு இளப்பமா நெனச்சிக்காத. அது இல்லன்னா காலைல எழுந்து இன்னா பண்ணுவ?" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "நான் கழுவி வுடுவேன்யா. சட்டைக்குப் பட்டன் போட்டு வுடுவேன். அது எனக்கு ஒண்ணுமே இல்ல. ஆனா நீ வாசல்ல குந்திக்கினு அந்தக் கையவே பாத்துக்கினு இருப்ப பாரு, அத என்னால பாக்க முடியாது."

"ஒண்ணும் ஆவாது மே."

"சரி" என்றாள். அவள் சரி என்று சொல்கிற விதத்தில் சொன்னால் அது சரி இல்லை என்று இருபது வருஷமாய் அவனுக்குத் தெரியும். எழுந்து போய், சுண்டலில் மீந்ததைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

விஜயதசமியன்று பூஜையில் வைத்ததைக் கையில் எடுத்து, அன்றே அதைக்கொண்டு ஒரு வேலையாவது செய்துவிட வேண்டும் என்பது வழக்கம். காஞ்சனா விடிகாலையில் அரிவாள்மனையில் ஒரு கத்திரிக்காயை இரண்டாக நறுக்கினாள். துணியை எடுத்து விளக்கு மாடத்தைத் துடைத்தாள். பழனிவேல் துப்பாக்கியை எடுத்தான். வேறு வருஷமாக இருந்தால் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டில் நிற்பதே அதன் வேலை. இருவரும் ஒரே ஸ்கூட்டரில் போனார்கள். அவள் பின்னால் உட்கார்ந்து வாளியை மடியில் வைத்திருந்தாள். வல்லக்கோட்டை ரோட்டில் பனி இறங்கியிருந்தது. எதிரே வந்த கம்பெனி பஸ்களின் முகத்தில் மாவிலையும் வாழைக்கன்றும் கட்டியிருந்தன. சன்னலுக்குள் ஒரு ஆளும் இல்லை. கோயில் தேர்கள் தாமாகவே ஊருக்குள் போய்க்கொண்டிருப்பது போல் இருந்தது.

யார்டில் கார்கள் எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. வெள்ளைக் கூரைகள் பனிக்குள் போய்க் கரைந்தன. அவற்றுக்கு அந்தப் பக்கம் சுவர், சுவருக்கு மேல் கருவேலம், கிளை கொள்ளாமல் கொக்குகள். கழுத்தை இறக்கைக்குள் செருகியபடி, மரமே பூத்தாற்போல் தூங்கின. பழனிவேலுக்கு ஒரு கணம் தான் இன்னும் வீட்டில் பகல் தூக்கம் தூங்கிக்கொண்டிருக்கிறோமோ என்று சந்தேகம் வந்தது. துணிப் பெண்கள் வாளிகளோடு ஷெட்டுக்குள் ஒதுங்கி நின்றார்கள். "கொக்கெல்லாம் ஓடிச்சின்னா நம்ப பொழப்பும் ஓடிரும்டி" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ராஜசேகர் லீவு நாளிலும் டையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். தூரத்தில் ஒரு கார் வரிசைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"நான் ரெடி பழனி. எனக்கு வெடின்னாலே கொஞ்சம் அலர்ஜி. நீ பாட்டுக்கு அடி" என்று கத்திவிட்டு, இரண்டு காதிலும் விரலைச் செருகிக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

பழனிவேல் நெம்புகோலைத் தள்ளினான். குழாய் வாயைத் திறந்தது. இரண்டு சிவப்புத் தோட்டாக்களும் வழுக்கிக்கொண்டு உள்ளே போயின, அவற்றுக்கென்றே அளவெடுத்த இடம் போல. மூடினான். தோளில் வைத்தான். வலக் குதிரையை இழுத்தான்: டிக், டிக். இடக் குதிரையையும். இரண்டும் பின்னால் சாய்ந்தன, பார்வை திறந்தது. கேட்டில் எத்தனையோ முறை இப்படிப் பார்த்திருக்கிறான். உள்ளே மருந்தோடு பார்ப்பது இதுதான் முதல் முறை. பனி, மரத்துக்கு மேல் வெறும் வானம், குழாயின் நுனியில் கடுகளவு பித்தளைக் குமிழ். உலகம் அவ்வளவுதான். இவ்வளவு சந்தோஷமாக அவன் எப்போதும் இருந்ததில்லை. ஆள்காட்டி விரலை முன் விசையின் மேல் வைத்தான். விசை, காலைப் பனியில் சில்லென்று இருந்தது.

அப்போது ஒரு கை வந்து, குழாயைப் பிடித்திருந்த அவன் இடது கையின் மேல் படிந்தது.

ஈரமாக இருந்தது. சோப்பு வாசனை. எச்சமும் சோப்பும் அரித்து விரல் நுனிகளெல்லாம் வெடித்துப்போன கை. மணிக்கட்டில் நேற்றுப் பூஜைக்குப் போட்ட புதுக் கண்ணாடி வளையல். காஞ்சனா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருந்த இடத்தையே அவளும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சுடுயா" என்றாள்.

"கைய எடுமே."

"மாட்டேன். போனா ரெண்டும் போவட்டும்."

அவள் குரலில் கோபம் இல்லை. ரேஷன் கடை வரிசையில் 'நான் இங்கதான் நிக்கறேன்' என்று சொல்கிறவள் மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். பழனிவேலுக்குத் தன் கையைப் பற்றி நேற்றிலிருந்து ஒரு பயமும் வரவில்லை. வந்ததை எல்லாம் ஞாயம் சொல்லித் துரத்திவிட்டிருந்தான். இப்போது அந்த வெடித்த விரல்களைப் பார்த்தபோது பயம் கணுக்காலிலிருந்து ஏறியது. இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு பூ கட்டுகிற விரல்கள். அவன் நெஞ்சு இளைக்கும்போதெல்லாம் முதுகில் தைலம் தேய்க்கிற விரல்கள். அவனுக்குக் கண் கலங்கி, குழாயின் நுனியிலிருந்த பித்தளைக் குமிழ் இரண்டாய்த் தெரிந்தது. அவள் கை அங்கேயே இருந்தது.

விசையிலிருந்து விரலை எடுத்தான். எடுப்பதற்கு எவ்வளவு நேரமானது என்று அவனுக்குத் தெரியாது. குதிரைகள் இரண்டும் பின்னால் சாய்ந்தபடியே இருக்க, வாயைத் தரைப் பக்கம் சாய்த்து, நெம்புகோலைத் தள்ளித் துப்பாக்கியைத் திறந்தான். தோட்டாக்களை ஒவ்வொன்றாய் உருவினான். காஞ்சனா உள்ளங்கையை நீட்டினாள்; அவற்றை வாங்கி, முந்தானையில் பூ முடிகிற மாதிரி முடிந்துகொண்டாள். அதன் பிறகு அவன் கட்டைவிரலால் அணைத்துக் குதிரைகளை ஒன்றன்பின் ஒன்றாய் இறக்கினான். காஞ்சனா வாளியை எடுத்துக்கொண்டு ஷெட்டை நோக்கிப் போனாள்.

தலையை நிமிர்த்தினான். பனிக்குப் பின்னால் எங்கோ வெயில் வந்துவிட்டிருந்தது. மரத்தில் ஒரு கொக்கு கழுத்தை வெளியே எடுத்தது. இன்னொன்று இறக்கையை உதறியது. பிறகு அவை தினமும் போகிறபடி, யாரும் துரத்தாமல், இரண்டும் மூன்றுமாய் எழுந்து கார்களின் மேல் தாழப் பறந்து ஏரிக்குப் போயின. வெள்ளைக் கூரைகளின் மேல் வெள்ளையாய்ப் பொட் பொட்டென்று விழுந்தது.

ராஜசேகரிடம் என்ன சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. உள்ளதைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். சொன்ன பிறகு கம்பா, வீடா, அவர் பாடு. வாய் திறந்த துப்பாக்கியை முழங்கை மடிப்பில் போட்டுக்கொண்டு, ஈரம் சொட்டுகிற கார்களுக்கு நடுவே அவரை நோக்கி நடந்தான். கிட்டே போய் நின்றான். கூப்பிட்டால் கேட்காது; தோளைத்தான் தொட வேண்டும். அவர் தலைக்கு மேலே கடைசிக் கொக்கும் போய்விட்டது. தீபாவளி வெடிக்குப் பக்கத்தில் நிற்கிற பிள்ளை மாதிரி, கண்ணை இறுக்கி மூடி, இரண்டு காதிலும் விரலைச் செருகிக்கொண்டு, ராஜசேகர் இன்னும் அந்தச் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.